மலைக்கு வரும் கூட்டமும் ஊர் கையில் இருக்க வேண்டிய ரசீதுப் புத்தகமும்

கேள்வி இது: வேலூர் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு ஊர். ஊருக்கு மேலே கானாற்றில் ஒரு சிறிய அருவி. ரீல்ஸ் பார்த்துவிட்டு சனி, ஞாயிறுகளில் பைக்கும் காருமாக ஆட்கள் வருகிறார்கள். பாறை இடுக்கெல்லாம் பாட்டில், கோடை பிறந்தால் காட்டுத்தீ. ஊர்க்காரர்களே சேர்ந்து காட்டையும் தண்ணீரையும் காப்பாற்றி, நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும்படி செய்ய முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் பெரும்பாலான ஊர்கள் தொடங்கும் இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பேனர் கட்டி, கையுறை கொடுத்து, ஐம்பது மூட்டை குப்பை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அருவி பழையபடி ஆகிவிடும். உள்ளூர் மக்கள் பங்கேற்பு என்று சொல்ல வேண்டுமானால் நாலு விஷயங்களில் ஊருக்குக் குரல் இருக்க வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடுவது, பணத்தை யார் வாங்குவது, அதை எதற்குச் செலவழிப்பது, எப்போது மூடுவது. இந்த நாலும் வெளியே இருந்தால் ஊர் மக்கள் கூலியில்லாத துப்புரவாளர்கள்தான்.

முதல் வேலை, நிலம் யாருடையது என்று பார்ப்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (எந்தச் சர்வே எண் யாருடையது என்று சொல்லும் பதிவு) புலப்பட நகலையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வாங்கி, அருவி, நடைபாதை, வண்டி நிறுத்துமிடம் மூன்றும் எந்தெந்தச் சர்வே எண்ணில் வருகின்றன என்று வரைந்துகொள்ளுங்கள். நம் பகுதியில் வழக்கமாக அருவி காப்புக்காட்டுக்குள் இருக்கும், பாதையின் பாதி காப்புக்காட்டிலும் பாதி புறம்போக்கிலும் போகும், வண்டி நிற்கும் மைதானம் ஊராட்சியினுடையதாகவோ யாருடைய பட்டாவாகவோ இருக்கும். காப்புக்காட்டுக்குள் நுழைய ஊர் தன் பாட்டில் ரசீது அடித்துப் பணம் வாங்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஒரே ஒரு புகாரில் எல்லாம் நின்றுவிடும், ஊர்ப் பையன்கள் மேல் வழக்கும் வரும். வண்டி நிறுத்தும் கட்டணம் வேறு. ஊராட்சி நிலமாக இருந்தால் தீர்மானம் போட்டு, ஊராட்சி ரசீதிலேயே வசூலிக்கலாம். அதனால் தொடக்கத்தில் கைக்கு எட்டும் வருமானம் வண்டி நிறுத்தத்திலிருந்துதான் வரும்.

காட்டுக்குள் நடப்பதற்கு வனத்துறையோடு சேர்ந்த அமைப்பு வேண்டும். ஜப்பான் நிதியுதவியோடு 1997ல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் காட்டோர ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பல இடங்களில் அவை இப்போது ஏட்டில் மட்டும் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்ததா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். புதிதாகத் தொடங்குவதைவிட, பொதுக்குழு கூட்டிப் பழையதைப் புதுப்பிப்பது சுலபம். ஊர்த் தலைவரும் வனவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாக எடுக்கக்கூடிய கணக்கு எந்த நல்ல குழுவையும் உடைத்துவிடும்.

மலைமேல் இருக்கும் மலையாளி பழங்குடி ஊர்களுக்கு இன்னொரு கனமான பிடி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் வன உயிர்களையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தை உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் தருகிறது. சமூக வன வள உரிமைக்கு, அதாவது ஊர் சேர்ந்து காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு, விண்ணப்பிக்க படிவம் ‘சி’. கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இதில் தவறினால் உட்கோட்ட அளவில் இருக்கும் அரசுக் குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கூட்டத்தைப் படம் எடுத்து, வருகைப் பதிவில் கையெழுத்தும் கைநாட்டும் ஒழுங்காக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் பலரும் இடறுகிறார்கள். பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டத்தைக் காட்டிப் பேசினால் இங்கே செல்லாது, ஏனென்றால் அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பகுதிகளுக்கு மட்டுமானது, தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி எதுவும் இல்லை. அடுத்தது, வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலத்தைப் பொதுவசதிக்குப் பெறலாம் என்பதை வைத்து, அருவி ஓரத்தில் டிக்கெட் கூடமும் உடை மாற்றும் அறையும் கட்ட நினைப்பார்கள். அந்தப் பிரிவில் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வசதிகள் மட்டுமே உண்டு. சுற்றுலாக் கட்டடம் அதில் இல்லை. எதைக் கட்டினாலும் காப்புக்காட்டுக்கு வெளியே, பிரித்தெடுக்கக்கூடிய ஷெட்டாகக் கட்டுங்கள். அருவிக்கும் அதுதான் நல்லது.

குழுவில் யார் யார்? இதில் காட்டும் அக்கறை பின்னால் பெரிய சண்டைகளைத் தடுக்கும். ஊர்க் கவுண்டர், ஊராட்சி உறுப்பினர், இளைஞர்கள் என்று நிறுத்திவிடுவார்கள். ஆடு மாடு மேய்ப்பவர்கள், கடுக்காய் புளி பொறுக்கும் பெண்கள், தேன் எடுப்பவர்கள் இல்லாத குழுவுக்குக் காடு தெரியாது. அதைவிட முக்கியம், கானாற்றின் கீழே இருக்கும் ஊரிலிருந்து இரண்டு பேராவது வேண்டும். அருவிக்குப் பக்கத்து ஊருக்கு வருமானம், கீழ் ஊருக்கு ஷாம்பு தண்ணீர் என்றால் எத்தனை நாள் தாங்கும்?

அமிர்தி பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதியை மீட்க, கீழே கணியம்பாடி வட்டாரத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பெண்கள் உறைகிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்திருக்கிறார்கள். வெள்ளத்தை மெல்ல மண்ணுக்குள் இறக்கும் வேலை அது. மேலே ஒரு குளியல் இடத்தில் விடும் அழுக்கு, அந்தப் பெண்கள் தோண்டிய கிணற்றுக்குள்தான் போய் இறங்கும். கீழ் ஊர்க்காரர் ஒருவர் குழுவில் உட்கார்ந்து இதைச் சொன்னால், சோப்புக்குத் தடை என்பது பலகையில் எழுதிய வாசகமாக நிற்காமல் ஊர்க் கட்டுப்பாடாகிவிடும்.

இந்த ஏற்பாடு நடைமுறையில் நிற்குமா என்பவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டலாம். கோவை மாவட்டம் காரமடை வனச்சரகத்தில் பில்லூர் அணை ஓரமாக இருக்கும் பரளிக்காட்டில், வனத்துறை முன்பதிவு செய்து ஆட்களை அனுப்ப, அங்குள்ள பழங்குடி மக்கள் பரிசல் ஓட்டுகிறார்கள், பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். தேக்கடியில், 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, காட்டில் வயணப் பட்டையை (காட்டு லவங்கப்பட்டை) திருட்டுத்தனமாக உரித்துக்கொண்டிருந்தவர்களையே ஒரு குழுவாக்கி, வழிகாட்டிகளாகவும் ரோந்துக் காவலர்களாகவும் மாற்றினார்கள். காட்டின் ஒவ்வொரு கள்ளப் பாதையும் அவர்களுக்குத் தெரியும் என்பதே அவர்களின் தகுதி. சந்தனமும் செம்மரமும் பல குடும்பங்களை வழக்கிலும் சிறையிலும் தள்ளிய நம் மலைகளுக்கு இந்த இரண்டாவது உதாரணம் மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து.

இனி எண்ணிக்கை. எத்தனை பேரை விடலாம் என்பதை உணர்ச்சியில் முடிவு செய்யாமல் கணக்குப் போட்டுத் தீர்மானியுங்கள். குளிக்கும் குட்டை 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 120 சதுர மீட்டர். ஆழமான மடுவையும் வழுக்குப் பாறையையும் கழித்தால் 80. ஒருவருக்கு 4 சதுர மீட்டர் என்றால் ஒரே நேரத்தில் 20 பேர். காலை 9 முதல் மாலை 3 வரை 6 மணி நேரம், ஒரு குழுவுக்கு ஒன்றரை மணி என்றால் நாலு தடவை, ஆக 80 பேர். இப்போது மற்ற பக்கத்திலிருந்து பாருங்கள். நாலு வழிகாட்டிகள், ஆளுக்குப் பத்துப் பேர், நாளைக்கு இரண்டு நடை: அதுவும் 80. மூன்றே வழிகாட்டிகள் வந்த நாளில் 60தான். கழிப்பறை, வண்டி நிறுத்தம், வழிகாட்டி, குட்டை ஆகியவற்றில் எது மிகக் குறைந்த எண்ணைத் தருகிறதோ அதுவே அன்றைய அளவு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்ததும் இதே அடிப்படையில்தான், மலை தாங்கும் அளவு தெரியாமல் வண்டியை விட முடியாது.

இந்த எண் வருடம் முழுக்க ஒன்றாக இருக்கவும் கூடாது. பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். கானாற்றில் தண்ணீர் ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்பதும் அப்போதுதான். அந்தக் குட்டைகள் காட்டு விலங்குகளுக்கும் மேய்ச்சல் மாடுகளுக்கும் மிச்சமிருக்கும் குடிநீர். ஓட்டம் நின்றதும் குளியலை மூடிவிடுங்கள். வருமானம் போகிறதே என்று குழுவில் சத்தம் எழும். இந்த ஒரு முடிவை எடுக்க முடியாத குழு வேறு எதையும் காப்பாற்றாது. மறுபக்கம், ஐப்பசி கார்த்திகையில் மேல் மலையில் பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கும். தண்ணீர் சட்டென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது ஆகியவை அறிகுறிகள். அருவிக்கு மேலே பார்வை கிடைக்கும் இடத்தில் விசிலோடு ஒரு ஆள் இல்லாத நாளில் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

நுழைவிடத்தைச் சரியாக அமைத்துவிட்டால் குப்பையில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டீக் கப்பும் அதில் அடக்கம். ‘பேப்பர் பிளேட்தானே’ என்பவர்களிடம் தட்டைக் கிழித்து உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தைக் காட்டுங்கள், வாக்குவாதம் முடிந்துவிடும். தண்ணீர் பாட்டில் அந்தத் தடையில் இல்லை. அதற்கு வைப்புத்தொகைதான் வழி. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தரும் முறை 2022ல் நீதிமன்ற உத்தரவால் தொடங்கியது. அதையே சிறு அளவில் செய்யலாம்.

செய்முறை இப்படி. உள்ளே போகும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 20 ரூபாய். காகித ஸ்டிக்கர் வேண்டாம், குளிர்ந்த பாட்டில் வியர்த்தால் பத்தே நிமிடத்தில் உரிந்துவிடும், அதுவே புதுக் குப்பையாகும். அழியாத மார்க்கர் பேனாவால் பாட்டிலின் கழுத்துப் பகுதியில் எண் எழுதி, அதே எண்ணுள்ள அட்டை டோக்கனைக் கையில் கொடுங்கள். மூடியில் எழுதக் கூடாது, மூடிதான் முதலில் தொலையும். மையின் நிறத்தை வாரத்துக்கு வாரம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் போன வாரத்துப் பாட்டிலைக் கொண்டுவந்து பணம் கேட்பார்கள். திரும்பி வந்த பாட்டிலை அங்கேயே மிதித்து நசுக்கி, பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டில் போடுங்கள். திறந்த தொட்டியில் போட்டால் சின்னப் பிள்ளைகள் எடுத்து மறுபடி வரிசையில் நிற்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள், அப்போது கையில் சில்லறை இல்லையென்றால் பணம் வேண்டாம் என்று பாட்டிலைச் சாலையோரம் வீசிவிட்டுப் போவார்கள். 20 ரூபாய் நோட்டுகளாக 1,500 ரூபாயாவது காலையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் பணம் வாங்கினால் திருப்பிக் கொடுப்பதற்கு மலையில் சிக்னல் இருக்காது.

பையைத் திறந்து காட்டச் சொல்லலாம், மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம். ஆனால் ஊர்த் தொண்டர் யாரும் அடுத்தவர் பைக்குள் கையை விட்டுத் துழாவக் கூடாது. பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். மது பாட்டிலுக்கு வைப்புத்தொகை கிடையாது, திருப்பி அனுப்புவதுதான். குடித்துவிட்டு வருபவர்களோடு இளைஞர்கள் மல்லுக்கு நின்றால் இரண்டே வாரத்தில் கைகலப்பாகும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வனக் காப்பாளரையோ காவல் நிலையத்தையோ அழைக்க வேண்டும் என்று முன்னதாகவே பேசி வையுங்கள்.

ஏற்கெனவே உடைந்து கிடக்கும் கண்ணாடி தனி வேலை. அருவிப் பாறையில் அது வட்டமான குழிகளிலும் வெடிப்புகளிலும் மணலோடு கலந்து இருக்கும். மேலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கையால் அரித்தால் விரலைக் கிழிக்கும். தண்ணீர் குறைந்த மாசியில், குழி மணலைக் கொத்துக்கரண்டியால் அள்ளி, கட்டட வேலைக்குப் பயன்படும் சல்லடையில் ஓடும் தண்ணீரை ஊற்றிச் சலியுங்கள். மணல் குழிக்கே திரும்ப வேண்டும், சின்னப் பூச்சிகளும் தவளை முட்டைகளும் அதில்தான் இருக்கின்றன. சில்லுகளைச் சாக்கில் கட்டாதீர்கள், தூக்கி வரும்போது குத்திக் கிழித்துக்கொண்டு தொடையில் இறங்கும். பழைய பெயின்ட் வாளி, மூடியோடு, அரை வாளிக்கு மேல் நிரப்பாமல். ரப்பர் செருப்பு போதாது, கனமான அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். இந்த வேலைக்குக் கூலி கொடுங்கள், இலவச முகாமில் மாணவர்களை இறக்காதீர்கள்.

சேர்ந்த குப்பையை மேலேயே புதைத்தால் காட்டுப்பன்றி கிளறிவிடும். எரித்தால் புகை, சில நேரம் காட்டுத்தீ. வாரம் ஒருமுறை கீழே இறக்கி ஊராட்சி தூய்மைக் காவலர்களிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும், அந்த வண்டி வாடகையை வசூலில் முதல் செலவாக எழுதுங்கள். சாப்பாட்டை மகளிர் குழுவிடம் கொடுத்தால் குப்பை இன்னும் குறையும்: சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், தையல் இலையில். வெளியிலிருந்து பொட்டலம் வருவது அதனாலேயே பாதி நின்றுவிடும்.

கழிப்பறையை அருவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். வைக்காதீர்கள். ஒரு அடி தோண்டினால் பாறை, அங்கே உறிஞ்சுகுழி வேலை செய்யாது. மழையில் நிரம்பி நேராகக் கானாற்றில் வழியும். வீட்டுக்கு நன்றாக உதவும் இரட்டைக் குழி முறையும் நாளுக்கு எண்பது பேருக்குத் தாங்காது, ஒரு குழியை மூடி ஆற வைக்க இரண்டு வருடம் வேண்டும். கசியாத தொட்டியாக, வண்டி நிறுத்துமிடத்தில், ஓடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, கழிவுநீர் லாரி பக்கத்தில் வந்து நிற்கும்படி கட்டுங்கள். மேலே ஏறுவதற்கு முன்பே போய்விட்டு வரச் சொல்லுங்கள். ஃபினாயிலும் ஆசிட்டும் வாளி வாளியாக ஊற்றினால் தொட்டியில் மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்து நாற்றம் கூடும். பிரஷ்ஷும் சாதாரண சோப்புத் தண்ணீரும் போதும். பெண்கள் பக்கம் மூடியுள்ள குப்பைத் தொட்டி கட்டாயம்.

காட்டுத்தீயைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் பேச வேண்டும். பீடித் துண்டும் சுட்டுச் சாப்பிடும் அடுப்பும் ஒரு காரணம். புதுப்புல் முளைக்கட்டும் என்றும், மரத்தடி சுத்தமானால் காய் பொறுக்கச் சுலபம் என்றும் நம்மவர்களே வைக்கும் தீ இன்னொரு காரணம். மேய்ப்பவர்களைக் குழுவில் சேர்க்கச் சொன்னது இதற்காகவும்தான். அவர்களைக் குற்றவாளியாக்கினால் தீ இரவில் வைக்கப்படும், அவ்வளவே. மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம், எத்தனை மாதம் என்று முதலிலேயே பேசி ஒதுக்குங்கள்.

பாதையின் இருபுறமும் 3 மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டி அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவது தை மாத வேலை. பலர் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். நம் மலைகளில் இருப்பது இலையுதிர் காடு. மாசியில் சருகு கொட்டி அந்தக் கோட்டையே மூடிவிடும், தீ சருகின் மேலேயே நடந்து அடுத்த பக்கம் போய்விடும். மாசியிலும் பங்குனியிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூங்கில் விளக்குமாற்றால் பெருக்கினால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். வெட்டிய புல்லை வனத்துறை ஆட்கள் இல்லாமல் எரிக்கக் கூடாது. தீயணைக்கப் போகிறவர்கள் பருத்தித் துணி உடுத்த வேண்டும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தழைக்கொத்து, மண்வெட்டி, மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் ஆகியவை ஊரிலேயே தயாராக இருக்கட்டும். ஏற்கெனவே பூச்சிமருந்து கலந்த தெளிப்பானாக இருக்கக் கூடாது. தீக்கு மேல்பக்கச் சரிவில் யாரும் நிற்கக் கூடாது. இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது, குழுவில் இரண்டு பேரின் எண்ணைப் பதிந்து வையுங்கள். ஆனாலும் செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். உயரமான பாறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மேய்ப்பர் அதற்கு முன்பே புகையைப் பார்த்துவிடுவார்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024ல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு. அதில் நம் பக்கம் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் இருக்கின்றன. உங்கள் ஊர் இளைஞர்களை அங்கே அனுப்பி ஒரு நாள் முழுக்கப் பார்த்து வரச் சொல்லுங்கள். எப்படிப் பதிவு செய்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, எந்தப் பருவத்தில் மூடுகிறார்கள் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

பாதை அரிப்பையும் கவனியுங்கள். வளைவில் குறுக்கே இறங்கும் ஒரு தடம் விழுந்தால் அடுத்த மழையில் அது ஓடையாகிவிடும். குறுக்குத் தடத்தின் இரு வாயையும் முள்ளும் கல்லும் வைத்து அடையுங்கள். மேலிருந்து ஓடிவரும் நீரைத் திருப்பப் பாதையில் கல்வரிசை பதிப்பது நல்லது, ஆனால் நேர்குறுக்காகப் பதித்தால் தண்ணீர் தாவி விழுந்து அதற்குக் கீழே பள்ளம் பறிக்கும். சாய்வாகப் பதித்து, தாழ்ந்த முனை பாதைக்கு வெளியே சரிவில் திறந்திருக்க வேண்டும்.

இடத்துக்கு இடம் தனிப் பிரச்சினைகளும் உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் ஆந்திரத்துக் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இறங்கும், அங்கே நாலு மணிக்கு மேல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மலை ஊர்களில் தங்கும் குடில் போடுகிறவர்கள் விளக்கை மேல்நோக்கி எரியவிடாமல், கீழே மட்டும் ஒளி விழும்படி மூடி போட வேண்டும். வானத்தைப் பார்ப்பவர்களுக்கு எவ்வளவு நல்லதோ, இரவுப் பூச்சிகளுக்கும் அவ்வளவு நல்லது.

பலன் கிடைக்கிறதா என்று தெரிய மூன்று அளவுகள் போதும். ஒவ்வொரு ஞாயிறும் சேர்ந்த குப்பையின் எடையை வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள், ஒரு தலைக்கு இத்தனை கிராம் என்று. மொத்த எடை மட்டும் எழுதினால் கூட்டம் குறைந்ததா, ஒழுங்கு கூடியதா என்று புரியாது. மாதம் ஒருமுறை ஒரே பாறையில் நின்று ஒரே திசையில் படம் எடுங்கள். மூன்றாவது, தண்ணீர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. அதற்குத் தரும் பரிசோதனைப் பெட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பியில், குளியல் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தண்ணீர் பிடித்து நிழலில் வையுங்கள். மலக் கலப்பு இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்துவிடும். மேல்குப்பி தெளிவாகவும் கீழ்க்குப்பி கறுப்பாகவும் இருந்தால், அந்த இரண்டையும் கிராம சபை மேஜைமேல் வைத்தாலே போதும், நீண்ட பேச்சு தேவைப்படாது.

பணப் பங்கீடு ஊருக்கு ஊர் மாறும். நான் பரிந்துரைப்பது இது: 100 ரூபாய் வந்தால் 50 கூலிக்கு, 20 குப்பை இறக்கவும் கழிப்பறைக்கும், 15 தீத்தடுப்புக்கு, 10 அவசர நிதிக்கு, 5 ரசீது, பேனா போன்றவற்றுக்கு. தீத்தடுப்புப் பணத்தைத் தனியாக ஒதுக்காவிட்டால் தை மாதத்தில் கையில் ஒன்றும் இருக்காது. கூலி வேலையைக் குடும்ப வாரியாகச் சுழற்சியில் கொடுங்கள், அதே நாலு பேர் நிரந்தரமாக நின்றால் ஆறு மாதத்தில் ஊர் இரண்டுபடும். கட்டணத்தை மொத்தமாக ஏலம் எடுக்கிறேன் என்று வெளியிலிருந்து ஒப்பந்தக்காரர் வருவார், தொகையும் ஆசை காட்டும். அவருக்கு லாபம் தலை எண்ணிக்கையில்தான், எண்பதோடு நிறுத்த அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நில விவரம், குழுப் பட்டியல் இரண்டையும் அக்டோபர் 2க்குள் முடித்து, நவம்பர் 1 சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்தால், தை மாதத் தீத்தடுப்பு வேலைக்கு முன் வனச்சரக அலுவலரோடு பேச இரண்டு மாதம் கிடைக்கும். தீர்மானத்தில் பொதுவாக ‘சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது’ என்று எழுதாதீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அருவியின் பெயர், சர்வே எண், ஒரு நாள் உச்ச எண்ணிக்கை, மூடும் மாதங்கள், வண்டிக் கட்டணம், வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இருவரின் பதவி, வரவு செலவு வாசிக்கப்படும் நாள் ஆகிய ஏழும் வரிசையாக இருக்கட்டும். நகலில் ஊராட்சிச் செயலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒன்றை வனச்சரக அலுவலகத்திலும் ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.